மோல்மீனிலிருந்து வந்த தாய்மாமன்

மதுரையில் என்னோடு முதலில் பேசிய மனிதர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைலி முடிச்சைத்தான் பார்த்தார். பர்மாவில் கைலியை வயிற்றுக்கு நேராகச் சேர்த்து முறுக்கிச் செருகுவது வழக்கம். இங்கே இடுப்பின் ஓரத்தில் மடித்துச் செருகிக்கொள்கிறார்கள். பள்ளிவாசல் பக்கம் ஒரு ஜவுளிக் கடை வாசலில் விசிறிக்கொண்டிருந்த பாய், நான் நெருங்கியதும் விசிறியை நிறுத்தி, "நே கௌங் லா?" என்றார். நலமா என்று பர்மியர் கேட்பது அது. கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து அந்தப் பாஷை என் காதில் விழவில்லை. நடுத்தெரு என்றும் பாராமல் நின்றுவிட்டேன்.

அவர் ரங்கூனில் சில வருஷம் துணிக்கடை வைத்திருந்தவராம். அங்கே இந்தியரை விரட்டிய கலவரத்துக்குப் பயந்து ஊர் திரும்பிவிட்டார். எனக்கு முக்காலி போட்டு, சர்பத் வரவழைத்து, விட்டுப்போன பர்மியச் சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டினார். பாதி தப்பு. ஆனாலும் கேட்கச் சுகமாக இருந்தது.

"மதுரைக்கு என்ன சோலியா வந்தீக தம்பி?"

"தங்கை மகளுக்குக் காது குத்து. நான் தாய்மாமன்."

"மாஷா அல்லாஹ்! சீரெல்லாம் வாங்கியாச்சா?"

"சீர் என்றால்?" என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், அவர் கடைப் பையனைக் கூப்பிட்டுவிட்டார். தாய்மாமன் என்றால் பட்டுப் பாவாடை உண்டு, தங்கைக்குச் சேலை உண்டு, மாப்பிள்ளைக்கு வேட்டி துண்டு உண்டு, மாப்பிள்ளையின் அண்ணனுக்கும் வேட்டி துண்டு உண்டு. "அவுகளுக்கு வைக்கலன்னா அப்புறம் ஆயுசுக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருவாக" என்றார். அவர் சொன்னது பாசமா வியாபாரமா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. பர்மிய வார்த்தை பேசுகிறவர் சட்டி பானை விற்றிருந்தாலும் அன்றைக்கு வாங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் ஓட்டலில் டீ கேட்டேன். பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "காய்ச்சலா?" என்று விசாரித்தார். இந்த ஊரில் மனிதர்கள் குடிப்பது காப்பி. எங்கள் ஊரில் டீக்கடைதான் கோர்ட்டு, கச்சேரி, கல்யாண மண்டபம் எல்லாம். அங்கே ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு அரை நாள் உட்காரலாம். இங்கே நான் குடித்து முடிப்பதற்குள் அடுத்தவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். எழுந்துவிட்டேன்.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா திருமங்கலத்துப் பக்கத்து விவசாயக் குடும்பம். இளவயதில் பர்மாவில் மோல்மீனுக்குப் போய் மரம் அறுக்கும் மில்லில் மேஸ்திரியாக இருந்தார். அங்கே சந்தையில் சுருட்டு விற்கும் பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். நாங்கள் இரண்டு பிள்ளைகள்: நான், எனக்கு மூன்று வயது இளையவளான தங்கை. தங்கைக்கு ஐந்து வயதாக இருந்தபோது, அப்பா ஒருநாள் கப்பல் காட்டுகிறேன் என்று அவளைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தக் கப்பலிலேயே ஏறி ஊருக்குப் போய்விட்டார். திரும்பவே இல்லை. என்னையும் கூட்டிப் போயிருப்பார். அந்த மாதம் பர்மியப் பையன்களின் வழக்கப்படி எனக்கு மொட்டையடித்து, துவராடை கட்டி, மடத்தில் விட்டிருந்தார்கள். பிக்குவாக இருக்கும் பிள்ளையை யாரும் தொட்டுத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்தக் காவித் துணி இல்லையென்றால் நானும் இந்தக் கரிசலில் ஏர் ஓட்டிக்கொண்டிருப்பேன்.

அம்மா அன்று சந்தையில் இருந்தாள். தங்கை போனதை அவள் பார்க்கவில்லை. துறைமுகத்தில் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிள்ளை சிரித்துக்கொண்டே போனதாக ஒருத்தி. தோளில் தூங்கிப்போனதாக ஒருத்தி. அம்மா இத்தனை வருஷமாக அந்த இடத்திலேயே நிற்கிறாள். நான் கிளம்பும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அன்றைக்கு அழுதாளா, சிரித்தாளா? கேட்டுக்கொண்டு வா."

"அழுதிருந்தால் உனக்கு வருத்தம்தானே?"

"அழுதிருந்தால் என் பிள்ளை. சிரித்திருந்தால் அவர் பிள்ளை" என்றாள் அம்மா.

இதற்காகத்தான் வந்தேன். சீரும் காது குத்தும் எனக்கு இரண்டாம் பட்சம். தங்கையின் புருஷன், நான் பார்த்தேயிராத ஒரு மனிதர், அப்பா வேலை பார்த்த மில்லின் பெயருக்கு ஒரு கடுதாசி எழுதியிருந்தார். அந்த மில்லில்தான் இப்போது நானும் தமிழர்களோடு வேலை பார்க்கிறேன். உங்கள் தகப்பனார் காலமாகி இரண்டு வருஷமாகிறது, சாகும்போதுதான் உங்களைப் பற்றிச் சொன்னார், பிள்ளைக்குக் காது குத்த வேண்டும், தாய்மாமன் மடி வேண்டும் என்று. வேறு ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள் பஸ்ஸில் கிளம்பினேன். திருமங்கலம் தாண்டும்வரை ஒழுங்காகத்தான் ஓடியது. அதற்குப் பிறகு முன்பக்கத்திலிருந்து ஆவி பொங்க, டிரைவர் வண்டியை ஒரு வேலமரத்தடியில் நிறுத்திவிட்டுத் தகர டின்னோடு தண்ணீர் தேடிப் போனார். போனவர் போனவர்தான். எல்லோரும் இறங்கி அந்த ஒரு மரத்தின் நிழலைப் பங்கு போட்டுக்கொண்டோம். நாலாப்பக்கமும் கறுப்பு மண், வெடித்த பருத்தி, அதற்கப்பால் வெயில். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆறோ குன்றோ கோபுரமோ கண்ணை மறிக்கும். இங்கே மறிக்க ஒன்றுமில்லை. இம்புட்டு வெட்டவெளியில் ஒரு மனிதன் தன்னை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பக்கத்தில் பருத்தி மூட்டையோடு குந்தியிருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"பர்மா."

"அது பொழைக்கப் போன ஊரு. சொந்த ஊரக் கேட்டேன்."

தங்கையின் ஊரைச் சொன்னேன்.

"அங்கிட்டு யாரு மகன் நீயி?"

அப்பா பெயரைச் சொன்னேன். அவர் மோவாயைத் தடவி, "அவருக்கு ஒரு பொம்பளப்பிள்ளதான?" என்றார். பர்மாவில் யாரைப் பார்த்தாலும் என்ன கிழமையில் பிறந்தாய் என்று கேட்பார்கள். அதற்கு எனக்குப் பதில் தெரியும். இங்கே யாரு மகன் என்கிறார்கள். அங்கே கலவரத்தின்போது என்னைக் கலா, அதாவது அந்நியன், என்று சொல்லிக் கத்தியோடு துரத்தினார்கள். மடத்துச் சாமியார்தான் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். இந்தப் பெரியவர் கத்தி எடுக்கவில்லை. வெற்றிலை கொடுத்தார். ஆனாலும் என்னை அவர் நம்பவில்லை.

தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் கடந்துவிட்டது. அவளுக்கு இங்கே பேச்சியம்மாள் என்று பெயர். வாசலில் வந்து நின்றாள். அம்மாவின் அதே அகன்ற கன்னம், அதே சிறிய கண். அந்த முகம் கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு, "வாங்கண்ணே" என்று திருமங்கலத்துத் தமிழ் பேசியது. நான் பதிலுக்குக் கும்பிட்டுத் தொலைத்தேன். தங்கையைப் பார்த்துக் கும்பிடுகிற அண்ணனை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை போலும். பிள்ளைகள் சிரித்தன.

அடுத்ததுதான் பெரிய கூத்து. கை கால் கழுவி உட்கார்ந்ததும், தங்கையின் மூத்தார், அதாவது அவள் புருஷனின் அண்ணன், "சாப்பிடுங்க தம்பி" என்றார். உள்ளே கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து பட்டினி. "இல்லைங்க, பசியில்லை" என்றேன்.

எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்ல வேண்டும். கூப்பிட்டவுடன் உட்கார்ந்தால் சோற்றுக்குச் செத்தவன் என்று பொருள். விருந்தாளி வேண்டாம் என்பான். வீட்டுக்காரர் மறுபடி அழைப்பார். அவன் மறுபடி மறுப்பான். அப்புறம்தான் சிரித்துக்கொண்டே தட்டு முன்னால் போவது. நான் இரண்டாவது அழைப்புக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. போட்ட இலையை யாரோ சுருட்டினார்கள்.

மூத்தார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "கை நனைக்க மாட்டாராம்ல. ஒறவு வேணாம்னு சொல்றதுக்கு பர்மாவுல இருந்து கப்பலேறி வரணுமாக்கும்?"

உறவுக்காரன் வீட்டில் கை நனைக்காமல் எழுவது இந்தப் பக்கத்தில் பகையாம். எனக்கு அது அப்போது தெரியாது. கோழிக் குழம்பு வாசனையில் வாயூற, நான் என்ன தப்புச் செய்தேன் என்று விளங்காமல் திருதிருவென்று விழித்தேன். தங்கை புருஷன் வெள்ளைச்சாமி தன் அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். காது குத்து நின்றுவிடும்போல் இருந்தது.

அப்போது பேச்சியம்மாள் சோற்றுச் சட்டியோடு வந்தாள். என் முன்னால் புது இலை போட்டாள்.

"சாப்டுங்கண்ணே."

"வேண்டாம்மா, பரவாயில்லை" என்றேன். நாக்கின் பழக்கம், நிறுத்த முடியவில்லை. மூத்தார் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது.

அவள் முகம் மாறவே இல்லை. "சாப்டுங்கண்ணே" என்றாள் மறுபடி, முதல் தடவை கேட்பது போலவே. நான் உட்கார்ந்தேன். வெள்ளைச்சாமி தனக்கும் ஒரு இலையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் எம்புட்டுச் சாப்பிட்டேன் என்பதைப் பார்த்து மூத்தாரே சமாதானமாகிவிட்டார்.

மூன்றாம் நாள் முற்றத்தில் அவள் பருத்தியிலிருந்து தூசியும் சருகும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. நானும் உட்கார்ந்து பொறுக்கினேன்.

"நேற்று என்னைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"வேணாம்னவுகள இன்னொருக்கக் கேட்டா என்ன கொறஞ்சு போகுது?" என்றாள் நிமிராமல்.

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். சந்தை, சுருட்டு, முட்டிவலி, எல்லாம். அவள் கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டேன். அன்றைக்கு அழுதாயா, சிரித்தாயா?

"எனக்கு ஒண்ணும் நெனப்பில்லண்ணே."

"கப்பல்கூடவா?"

"கப்பலும் இல்ல, தண்ணியும் இல்ல. எனக்கு வெவரம் தெரிஞ்சதே இந்த ஊருதான்."

"அம்மா முகம்?"

அவள் பருத்தியை ஓரமாகத் தள்ளினாள். "அண்ணே, ஒங்களுக்குக் கடுதாசி போடச் சொன்னது நான் இல்ல. அவுகளாப் போட்டாக. வந்துட்டீக, சந்தோசம். ஆனா ஆத்தா இருக்குன்னு இங்க யார்கிட்டயும் சொல்லிராதீக. ஆத்தாவும் நம்ம சாதிதான், பேதியில செத்துப்போச்சுன்னு அய்யா சொல்லி வச்சிருக்கு. நாளப்பின்ன எம்பிள்ளைக்கு ஒரு எடத்துல சம்பந்தம் பேசணும்ல."

நான் கோபக்காரன். "உயிரோடு இருக்கிறவளைச் செத்தவள் என்று சொல்லச் சொல்கிறாயா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் அழவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று முழுக்கத் தோட்டத்துக் கிணற்றடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒரே வயிற்றில் பிறந்தவளிடம் சொந்தம் கொண்டாட, எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு நினைவும் இல்லை. அம்மாவிடம் என்ன சொல்வேன்? ஒன்றும் நினைவில்லையாம் என்றா? அதற்கு நான் வராமலே இருந்திருக்கலாம்.

வெள்ளைச்சாமி இரண்டு மூன்று தடவை வந்தார். பக்கத்தில் குந்துவார். ஏதோ கேட்க வாயெடுப்பார். பிறகு, "தண்ணி கொஞ்சம் உப்பாத்தான் இருக்கும்" என்று கிணற்றைப் பற்றிச் சொல்லிவிட்டு எழுந்து போவார். பேச்சு வராத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர்கள் குலசாமி கோயிலில் காது குத்து. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். பட்டுப் பாவாடை வழுக்கியது. நாலு வயது. என் கைலியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, வலிக்குமா?" என்று கேட்டாள். அதுவரை என்னை யாரும் மாமா என்று கூப்பிட்டதில்லை. வலிக்காது என்று பொய் சொன்னேன்.

ஆசாரி ஊசியை எடுக்கும் நேரம் பார்த்து, மூத்தாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வேட்டி துண்டு வாங்கிக்கொண்ட நல்லெண்ணத்தில்தான் கேட்டார். "ஆமா தம்பி, ஒங்க ஆத்தாவுக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்? ஒங்க அய்யா கடைசிவரைக்கும் சொல்லவே இல்லயே."

கோயில் முன்னால் உட்கார்ந்திருந்த சனம் முழுக்க என்னைப் பார்த்தது. பேச்சியம்மாள் தாம்பாளத்தோடு நின்றவள் நின்றபடியே இருந்தாள். உண்மையைச் சொல்லக் கோபம் இருந்தது. என் மடியில் பிள்ளையும் இருந்தது.

"அது போயி எம்புட்டோ காலமாச்சுண்ணே, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்று வெள்ளைச்சாமி குறுக்கே புகுந்தார். "ஆசாரி, நேரமாகுது, குத்துய்யா."

குத்தினார். பிள்ளை அலறினாள். நான் தலையைக் குனிந்து அவளை அணைத்துக்கொண்டேன். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த நேரம் மோல்மீன் சந்தையில் அம்மா கடை விரித்து உட்கார்ந்திருப்பாள். எனக்கும் அழுகை வந்தது. பிள்ளை அழுகிற சந்தடியில் யாரும் கவனிக்கவில்லை.

அதற்கடுத்த நாள் கிளம்பினேன். பேச்சியம்மாள் கட்டுச்சோறு கொடுத்தாள். "பாத்துப் போங்கண்ணே" என்றாள். வெள்ளைச்சாமி மாட்டுவண்டி பூட்டி ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் மாட்டோடுதான் பேசினார். கல்லுப்பட்டியிலிருந்து பஸ் வர நேரமிருந்தது. வண்டியை நிழலில் விட்டுவிட்டு, கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்க மச்சான்."

"மத்வாபூ, மத்வாபூன்னா என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுத்தமான பர்மியம். நீட்டலும் குறுக்கலும் ஒரு சின்னப் பிள்ளை சொல்வது போலவே இருந்தது.

"யார் சொன்னது இதை?"

"அவதான். தூக்கத்துல. கல்யாணமான புதுசுல காத்துக் கருப்பு பிடிச்சிருச்சோன்னு பயந்தேன். பெறகு பழகிப்போச்சு. நெனச்சாப்புல வரும். ஏங்கி ஏங்கி அழுகும். விடிஞ்சா அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நானும் கேட்டதில்ல, யார்ட்டயும் சொன்னதும் இல்ல. ஒங்க அய்யா பங்காளி ஒருத்தன் மடியில வச்சுக் குத்திரலாம்னு அண்ணன் சொல்லத்தான் செஞ்சாரு. நான்தான் நீங்க வரணும்னு கடுதாசி போட்டேன். இதக் கேக்கத்தான்."

"அவள் அப்படி அழும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"என்ன செய்ய? என்னன்னு வெளங்குனாத்தான? சரி ஆத்தா, சரி ஆத்தான்னு முதுகுல தட்டுவேன். அடங்கிரும்."

சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போக மாட்டேன், போக மாட்டேன் என்கிறாள் மச்சான்."

"எங்க போக மாட்டேங்கிறா?"

நான் கறுப்பு மண்ணைப் பார்த்தேன். "இங்கதான்" என்றேன்.

மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தார். "அப்ப இன்னும் வந்து சேரல அவ" என்றார். பிறகு, "அத்தை இருக்காகளா?" என்று கேட்டார்.

"இருக்காங்க."

"இருப்பாகன்னு நெனச்சேன். கோயில்ல அண்ணன் வாய அடைக்கத்தான் அப்படிச் சொன்னேன். மனசுல வச்சுக்கிறாதீக."

தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரிந்தது. அம்மா கேட்டு அனுப்பியதை அவரிடம் அவசர அவசரமாகச் சொன்னேன். அழுதிருந்தால் என் பிள்ளை என்று அவள் சொன்னதையும் சொன்னேன். பஸ் வந்து நின்றது. என் பெட்டியை அவரே தூக்கி மேலே கொடுத்தார். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தபடி சொன்னார்.

"அன்னைக்கு அழுதுச்சுன்னு அத்தைகிட்டச் சொல்லுங்க மாப்ள. இன்னமும் அழுகுதுன்னு சொல்லிராதீக. அத நான் பாத்துக்கிறேன்."